ஒன்பதாம் கோபுரம், அலைவரிசை நான்கு

பன்னிரண்டே காலுக்குக் கடைசிப் பெட்டி
கொட்டகைக்குள் போனதும்
கம்பிவடம் எங்களுடையது.
கீழே லா பாஸ் ஒரு கூடை மின்மினி என்று
புதிதாய் வருகிறவர்கள் சொல்வார்கள்.
எனக்கு அது
நாலு இருபதுக்குள் முடித்தாக வேண்டிய வேலை.

ஃப்ரொய்லான் திக்கோனா ஒரு நட்டை முறுக்குவான்,
சாக்பீஸால் கோடு போடுவான்,
கையேட்டில் குறிப்பான்,
பிறகு முறுக்கினோமா என்று முதலிலிருந்து எண்ணுவான்.
பதினாறு நட்டு, மூன்று தடவை.
நாற்பத்தெட்டுக்கும் என் பல் நறநறக்கும்.
"எல்லாம் இறுகிப்போச்சு, உன் நட்டைத் தவிர"
என்று மேலேயிருந்து ரேடியோவில் வருவாள் துனியா கால்யே.

அவள் வாய் மூடுவதில்லை.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
நாங்கள் மூச்சை எண்ணிச் செலவழிக்கும்போது
அவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறதோ அத்தனை காற்று.

செனோன் அப்பாஸா ஆறு வருடத்தில் பேசியதை
ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிவிடலாம்.
"ஆச்சு" என்பான்.
ஆகவில்லையென்றால் அதையும் சொல்லமாட்டான்.

நான் ரெமேதியோஸ், மேற்பார்வை.
என்னைப்போல் நடந்து காட்டுவாள் துனியா,
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே படியில் இடறி.
பார்த்திருக்கிறேன், கண்ணாடிக் கதவு வழியாக.

போன வருடம் சாந்தா க்ரூஸிலிருந்து ஒருவர் வந்தார்,
ஆளுக்கொரு வண்ண அட்டை கொடுத்தார்.
நான் சிவப்பு. ஃப்ரொய்லான் நீலம். துனியா மஞ்சள்.
"ஏற்கெனவே பத்து வண்ணத்தில் தடம் ஓடுது,
நான் எந்த நிறுத்தத்தில் இறங்கணும்?" என்றாள்.
செனோன் தன் பச்சை அட்டையை
நாலாக மடித்து, ஆடுகிற மேஜைக்கால் அடியில் செருகினான்.
மேஜை இன்றுவரை ஆடவில்லை.

ஆகஸ்ட். காற்று.
ஒன்பதாம் கோபுரத்தின் உச்சியில் துனியா,
நடுத்தட்டில் செனோன், அடியில் ஃப்ரொய்லான்,
நிலையத்தில் நானும் கெட்டிலும்.
மாமன் மகன் கல்யாணத்துக்கு வந்த வாத்தியக்குழுவின் டியூபா
மினிபஸ் கூரையிலிருந்து காணாமல்போன கதை:
"அந்த வளைவு இருக்கே, அங்கே டிரைவர் திரும்பிப் பார்த்தா..."

அத்தோடு நின்றது.

அப்பாடா என்றிருந்தது எனக்கு.
அதை மறைத்துப் பயனில்லை.
இரண்டு நாற்பது என்று பதிவேட்டில் எழுதினேன்,
தேநீர் ஊற்றினேன்,
சர்க்கரையைக் கலக்கினேன்.
அதற்குள் செனோன் ஏறத் தொடங்கியிருந்தான்.

மயங்கி, வாரில் தொங்கிக்கொண்டிருந்தாள்.
மீட்புப் பையில் கொக்கிகள் ஏழும் இருந்தன.
இருக்கும் என்று நான் நம்பியிருப்பேன்,
ஃப்ரொய்லானுக்குத் தெரிந்திருந்தது.
நான் செய்தது, கத்தியது.
தொலைபேசியில், வாயிற்காவலனிடம், திறக்காத பூட்டிடம்.
ஒன்பது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது.

"உனக்கெப்படித் தெரிஞ்சுது?"
ஆஸ்பத்திரி பெஞ்சில் கேட்டேன்.
செனோன் தன் கையுறைகளை ஒன்றினுள் ஒன்றாய்ச் சொருகினான்,
உருவினான், திரும்பச் சொருகினான்.
"பாதியில விடமாட்டா."
ஆறு வருடமாக நான் இரைச்சல் என்று நினைத்ததை
அவன் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டிருக்கிறான்.

மூன்று வாரம் கழித்து மீண்டும் ஒன்பதாம் கோபுரம்.
நாங்கள் ஒன்றும் திருந்திவிடவில்லை.
அட்டவணைக்கு ஆறு நிமிடம் பின்னால் இருந்தோம்,
நான் அதை இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.
துனியா வேறு ஏதோ கதையில் இருந்தாள், பல்வலி பற்றி.
காற்று திரும்பியது.
ரேடியோவில் வெறும் கரகரப்பு.
ஐந்து நொடி. எட்டு.
என் விரல் பொத்தானுக்குப் போவதற்குள்
நடுத்தட்டிலிருந்து ஒரு குரல்:

"டியூபா?"

மேலே ஒரு சிரிப்பு, மூச்சு வாங்கியபடி.
"அட, கையுறையைக் கடிச்சு இழுத்திட்டிருந்தேன்ப்பா!
அதைச் சொல்லவே இல்லையா நான்?
அந்த வளைவு இருக்கே..."

கேட்டுக்கொண்டே நின்ற ஃப்ரொய்லான்
பதினொன்றிலோ பன்னிரண்டிலோ எண்ணிக்கையை விட்டான்.
ஒன்று, என்று மறுபடி தொடங்கினான்.
என் பல் நறநறத்தது.